கிராஃபீன் பேட்டரி ஸ்கூட்டரா, லித்தியமா? விலையைப் பார்த்தால் இடிக்கிறது

ஊசிநூல்:

வணக்கம். சிவகங்கையில் சின்னதாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். வீடு 13 கி.மீ. தள்ளி ஒரு கிராமம். இத்தனை நாள் பஸ்தான். கடைசி பஸ்ஸுக்குப் பயந்து கல்யாண பிளவுஸ்களைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு ஓடியது போதும் என்று, மின்சார ஸ்கூட்டர் வாங்கலாமென்று இறங்கியிருக்கிறேன். லைசென்ஸ் இல்லை. இனிமேல் எட்டுப் போட்டுக் காட்டும் பொறுமையும் இல்லை. அதனால் பதிவு தேவைப்படாத 25 கி.மீ. வேக வண்டிதான்.

போன வாரம் ஒரு ஷோரூமில் பார்த்தேன். வண்டி ஒன்றுதான், விலை இரண்டு. 60 வோல்ட் 32 ஆம்பியர் கிராஃபீன் பேட்டரி போட்டால் 64,000. 60 வோல்ட் 30 ஆம்பியர் லித்தியம் போட்டால் 86,000. எது நல்லது என்று கேட்டேன். அங்கிருந்த தம்பி சொன்னது: "லித்தியமெல்லாம் பழசுக்கா. கிராஃபீன்தான் அடுத்த தலைமுறை. நோபல் பரிசு வாங்கின பொருள். தீப்பிடிக்காது. ஒரு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சொந்தக் கடை போடுவதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஜவுளிக்கடையில் நின்றவள் நான். பழைய ஸ்டாக்கைப் புதுசு என்று விற்பார்கள், பார்த்திருக்கிறேன். புதுச் சரக்கைப் பழசைவிட 22,000 குறைத்துக் கொடுத்த முதலாளியை இதுவரை பார்த்ததில்லை.

இன்னொரு சந்தேகம். எங்கள் பக்கம் டாமின் (தமிழக அரசின் கனிம நிறுவனம்) கிராஃபைட் சுரங்கம் இருக்கிறது. கிராஃபைட்டும் கிராஃபீனும் ஒன்றா? "நம்ம மண்ணுலேர்ந்து வர்றதுதாம்மா, தைரியமா வாங்கு" என்கிறார் சித்தப்பா.

தினமும் 26 கி.மீ. ஓட்டம். முகூர்த்த மாதங்களில் பின்னால் ஒரு துணி மூட்டையும் வரும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சக்கரம்72:

யோசிக்காமல் கிராஃபீன் எடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஃபுல் சார்ஜ் ஆகிறது என்று வீடியோவே பார்த்தேன். லித்தியத்தைவிட ஐந்து மடங்கு சக்தி. இவ்வளவு குறைந்த விலையில் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

பழைய_பேட்டரி:

சக்கரம் தம்பி, அந்த வீடியோவில் வந்த பொருள் வேறு, சிவகங்கை ஷோரூமில் இருக்கும் பொருள் வேறு.

அம்மா, நான் ஈரோட்டில் 22 வருடமாக இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை நடத்துகிறேன். உங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நம்புவீர்கள். இந்தத் தொழிலிலேயே ஊறிய நான், இரண்டு வருடத்துக்கு முன்னால் மகள் கல்லூரிக்குப் போக ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். கிராஃபீன் பேட்டரி என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். கறுப்பு ஸ்டிக்கர், தங்க எழுத்து. வீட்டுக்குக் கொண்டுவந்து கால் வைக்கும் பலகையைக் கழற்றினேன். உள்ளே ஐந்து கறுப்புச் செங்கல், ஒன்றோடொன்று ஒயர் போட்டு இணைத்திருந்தார்கள். ஒன்றைத் தூக்கியதுமே கை சொல்லிவிட்டது. பத்துக் கிலோ. ஈயம். நான் தினமும் விற்கிற அதே ஜாதி. என்னிடமே விற்றுவிட்டார்களே என்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நம் ஊரில் குறைந்த வேக வண்டிகளில் "கிராஃபீன்" என்று வருவது லெட் ஆசிட் பேட்டரிதான். கார்களில் இருக்கும் அதே ஈயம், அதே கந்தக அமிலம். அமிலம் மட்டும் தண்ணீராக ஆடாமல், கண்ணாடி நார்ப் பஞ்சில் ஊறியிருக்கும். மூடி சீல் செய்திருக்கும். சீனாவில் இ-பைக்குகளுக்கு இதே பெயரில் விற்கிறார்கள், அங்கிருந்துதான் பெயரும் வந்தது. ஈய பேட்டரியைப் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1859ல் செய்தார். அடுத்த தலைமுறை என்று அந்தத் தம்பி சொன்னது நம் கொள்ளுத்தாத்தாவின் தலைமுறை.

அப்படியானால் சுத்தப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. ஈய பேட்டரியின் நெகட்டிவ் பிளேட்டில் கார்பன் கலப்பது பழைய வழக்கம். சார்ஜ் சரியாக ஏறாத பேட்டரியில் ஈய சல்பேட் படிகம் படிகமாக உறைந்துவிடும். சல்பேட் பிடித்துவிட்டது என்போமே, அதுதான். நல்ல கார்பன் கலந்தால் அது குறையும், சார்ஜும் சீக்கிரம் இழுக்கும். அந்தக் கார்பனை கிராஃபீன் வடிவில் கலக்கிறோம் என்கிறார்கள். கலந்தாலும் பிளேட் மாவில் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். சாம்பாரில் பெருங்காயம் போட்டால் வாசனை வரும். அதற்காக அதைப் பெருங்காயக் குழம்பு என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே உங்கள் கேள்வி உண்மையில் ஈயமா லித்தியமா என்பதுதான். ஷோரூமில் மூன்று விஷயம் பாருங்கள். பேட்டரி ஒரே பெட்டியா, ஐந்து தனித்தனிக் கட்டியா? ஸ்டிக்கரில் "6-இவிஎஃப்" அல்லது "6-டிஇசட்எஃப்" என்று ஆரம்பிக்கும் எண் இருக்கிறதா? 6 என்றால் உள்ளே ஆறு செல். ஈய செல் ஒன்றுக்கு 2 வோல்ட், ஆறுக்கு 12. ஐந்து கட்டி சேர்ந்தால் உங்கள் 60 வோல்ட். மூன்றாவது, சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரி ஸ்டிக்கரில் என்ன ஜாலம் செய்தாலும் சார்ஜர் செய்தவன் உண்மையை எழுதிவைத்திருப்பான்.

வேதியியல்_வாத்தி:

மேலே சொன்னது சரி. சித்தப்பா கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன், நானும் உங்கள் பக்கத்து ஆள்தான். எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டைக் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) செய்தவன்.

கிராஃபைட் என்பது அப்பளக் கட்டு என்றால் கிராஃபீன் அதில் ஒரே ஒரு அப்பளம். ஒரு அணு கனம், அவ்வளவுதான். பென்சிலால் கோடு போடும்போது இந்த அடுக்குகள்தான் வழுக்கி வழுக்கிக் காகிதத்தில் ஒட்டுகின்றன. 2004ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்ற இருவர் கிராஃபைட்டின் மேல் ஒட்டும் டேப்பை ஒட்டி, பிய்த்து, திரும்ப ஒட்டி, திரும்பப் பிய்த்து, அந்த ஒற்றை அடுக்கைப் பிரித்துக் காட்டினார்கள். 2010 இயற்பியல் நோபல் அதற்குத்தான். நோபலை வைத்து வண்டி வாங்குவதென்றால் லித்தியம் அயனி பேட்டரிக்கும் 2019ல் வேதியியல் நோபல் கிடைத்தது. குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ. அந்தத் தம்பியிடம் இதையும் சொல்லுங்கள், என்ன சொல்கிறார் பார்ப்போம்.

லித்தியம் பேட்டரியிலும் கிராஃபீனை வைத்து நிஜமான ஆராய்ச்சி நடக்கிறது. 2017ல் சாம்சங் ஆய்வாளர்கள் "கிராஃபீன் பந்து" என்று ஒன்றைச் செய்து, கொள்ளளவு 45 சதவீதம் கூடுகிறது, சார்ஜ் ஐந்து மடங்கு வேகமாகிறது என்று கட்டுரை வெளியிட்டார்கள். சக்கரம்72 சொல்லும் ஐந்து மடங்கு அங்கிருந்து வந்திருக்கலாம். கவனியுங்கள், அதுவுமே லித்தியம் பேட்டரிதான். கிராஃபீன் அதற்குள் ஒரு பூச்சு. லித்தியம் இல்லாமல் கிராஃபீனே மின்சாரத்தைத் தேக்கும் ஸ்கூட்டர் பேட்டரி எந்த ஷோரூமிலும் இல்லை.

கிராஃபீன் என்று லேபிள் ஒட்டிய பொடியெல்லாம் கிராஃபீனும் அல்ல. 2018ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினர் 60 நிறுவனங்களின் பொடியை வாங்கிச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் கிராஃபீன் பத்து சதவீதம்கூடத் தேறவில்லை. மிச்சம் பொடித்த கிராஃபைட். சித்தப்பா "நம்ம மண்ணு" என்றாரே, அந்த வகையில் அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி!

ஊசிநூல்:

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு ஷோரூமுக்குப் போய் வந்தேன்.

சீட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். ஐந்து கட்டிதான். ஸ்டிக்கரில் பெரிதாக கிராஃபீன், கீழே பொடி எழுத்தில் 6-இவிஎஃப்-32. பக்கத்தில் குப்பைத்தொட்டி மேல் குறுக்குக் கோடு போட்ட படம், அதன் கீழே பி, பி (Pb) என்று இரண்டு ஆங்கில எழுத்து, ஈயத்தின் குறியீடு. சார்ஜரைத் திருப்பினேன். "லெட் ஆசிட் பேட்டரிக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. அந்தத் தம்பியிடம் காட்டினேன். "அது பழைய சார்ஜர்க்கா, மாத்தித் தருவோம்" என்றான். பாவம், அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் சொல்கிறான்.

சரி, ஈயம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் 22,000 எனக்கு நாலு மாதக் கடை வாடகை. ஈயம் அவ்வளவு மோசமா? லித்தியம் தீப்பிடிக்கும் என்கிறார்களே, அது பயமாக இருக்கிறது. வீட்டில் ஒரே அறைதான், வாசலை ஒட்டித்தான் சார்ஜ் போடவேண்டும்.

மூணாவது_கியர்:

லித்தியத்தைத் தலையில் தூக்கிவைப்பதற்கு முன்னால் என் கதையும் கேளுங்கள். 2021ல் லித்தியம் வண்டி வாங்கினேன். பதினெட்டு மாதம் ராஜா மாதிரி ஓடியது. ஒருநாள் மழையில் நனைந்த மறுநாள் பேட்டரி செத்துப்போனது. குறைவதும் மெதுவாவதும் இல்லை, சுவிட்சை அணைத்த மாதிரி ஒரேயடியாக. செல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, உள்ளே செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் போர்டு போய்விட்டது என்றார்கள். விற்ற கடை அதற்குள் செல்போன் கடையாக மாறிவிட்டது. ஊரில் ஒருவரும் பெட்டியைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள். ஐந்து மாதம் வண்டி திண்ணையில் கிடந்தது, கோழி அடைந்தது. கடைசியில் கோவைக்கு பார்சல் போட்டு 6,500 கொடுத்துச் சரிசெய்தேன்.

ஈயம் என்றால் எந்தக் குக்கிராமத்திலும் ஒரு பேட்டரிக் கடை இருக்கும். செத்தாலும் காயலான் கடையில் காசு. இதையும் கணக்கில் சேருங்கள்.

பழைய_பேட்டரி:

மூணாவது கியர் சொல்வது முக்கியமான விஷயம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த 80 கி.மீ. 60 வோல்ட்டை 32ஆல் பெருக்கினால் 1,920 வாட் அவர், அதாவது பேட்டரியில் தேங்கும் மொத்த மின்சாரம். இந்த மாதிரி வண்டி கிலோமீட்டருக்கு 24 வாட் அவர் அளவில் தின்னும். வகுத்தால் 80 வருகிறது. அதாவது கடைசிச் சொட்டு வரை பிழிந்தால் 80. ஈய பேட்டரியை அப்படிப் பிழிந்தால் சீக்கிரம் உட்கார்ந்துவிடும். அதோடு ஸ்டிக்கரில் போட்ட ஆம்பியர் மெதுவாக இழுத்தால் கிடைப்பது. மேட்டில் மூட்டையோடு ஏறும்போது வேகமாக இழுப்பீர்கள், ஆம்பியர் சுருங்கும். பாய்க்கர்ட் என்ற ஜெர்மன்காரர் 1897லேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். என் மகள் வண்டி புதிதில் 58 கி.மீ. ஓடியது. பதினாலாவது மாதம் 31. லித்தியத்தில் இந்தச் சுருக்கம் மிகக் குறைவு, 1,800 வாட் அவர் என்றால் பெரும்பங்கு கைக்கு வரும்.

அந்த 31க்கு வந்த விதத்தைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். ஐந்தும் வரிசையில் கட்டியவை. எல்லாம் ஒரே மாதிரி சாகாது, ஒன்று முந்திக்கொள்ளும். லோடு டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், நாலு கட்டி 12 வோல்ட்டுக்குக் கிட்ட நிற்கிறது, மூன்றாவது 9க்கு விழுகிறது. அதை மட்டும் மாற்றினேன். கடைக்கு வருகிறவர்களிடம் "செட்டாக மாற்றுங்கள்" என்று சொல்லும் நான், என் வண்டிக்கு மட்டும் கஞ்சத்தனம். பழைய நாலும் புதியதையும் தங்கள் அளவுக்கு இழுத்துக்கொண்டன, நாலே மாதம். அப்புறம் மொத்த செட்டும் மாற்றினேன்.

எடை. ஐந்து ஈயக் கட்டி 50 கிலோ வரும். லித்தியம் பெட்டி 15 கிலோ. ஈய வண்டி எடுத்தால் ஒரு எட்டாம் வகுப்புப் பையனைத் தினமும் உட்காரவைத்துக் கூட்டிப்போவது மாதிரி, அவன் இறங்கவே மாட்டான். வண்டி நடுவழியில் நின்றால் தள்ளப்போவது நீங்கள்தான். லித்தியத்தைக் கழற்றிக் கடைக்குள் கொண்டுபோய் சார்ஜ் போடலாம், ஈயத்தில் அந்தப் பேச்சே இல்லை.

இப்போது காசு. உங்களுக்குத் தினம் 26 கி.மீ. என்றால் ஈயத்தில் ஏறக்குறைய பாதி காலியாகும், வருடத்துக்கு 300 முறை. பாதி பாதியாக இறக்கினால் 500, 600 முறை தாங்கும். ஆக இரண்டு கோடை. உங்கள் ஊர் வெயிலுக்கு அதுவும் நிச்சயமில்லை. பேட்டரியின் சூடு 10 டிகிரி கூடினால் ஈயத்தின் ஆயுள் பாதி என்று எங்கள் தொழிலில் ஒரு கணக்கு. புது செட் என் கடையில் இன்று 28,000. பழையதை கிலோ 85க்கு எடுத்துக்கொள்வேன், 50 கிலோவுக்கு 4,250 கழியும். கையிலிருந்து போவது கிட்டத்தட்ட 24,000. நீங்கள் இன்று மிச்சம் பிடிக்கும் 22,000, இரண்டாவது வருடக் கடைசியில் அதற்குப் போய்விடும். அதன்பின் ஒவ்வொரு செட்டும் தண்டம். எல்எஃப்பி (இரும்பு பாஸ்பேட்) வகை லித்தியம் 2,000 முறைக்கு மேல் முழுசாக ஏறி இறங்கும், உங்கள் ஓட்டத்துக்கு எண்ணிக்கை தீர்வதற்குள் வண்டியே பழசாகிவிடும். கரண்ட் பில்லை நினைத்துக் குழம்பவேண்டாம். எதை எடுத்தாலும் இரண்டு மாதத்துக்கு நாற்பது, ஐம்பது யூனிட்.

தீ. பயப்படுவது சரிதான். 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த வண்டி எரிந்து, புகையில் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருடம் அடுத்தடுத்து வண்டிகள் எரிந்த பிறகுதான் ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிச் சோதனை விதியை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தார்கள். உங்கள் வண்டி பதிவு இல்லாத வகை, அதனால் யாரும் உங்களுக்காகப் பார்த்துச் சொல்லப்போவதில்லை. சான்று நகலை நீங்களே கேட்டு வாங்குங்கள். லித்தியத்திலும் இரண்டு ஜாதி. என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது) எடை குறைவு, ஆனால் சூடு மிஞ்சினால் வேகமாகப் பற்றும். எல்எஃப்பி என்பது இரும்பு பாஸ்பேட், அதில் ஆக்சிஜன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் சுலபத்தில் பற்றாது. எல்எஃப்பி மட்டும் வாங்குங்கள். எதுவானாலும் வெயிலில் ஓட்டிவந்தவுடன் சார்ஜில் போடாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும். தூங்கும்போது வேண்டவே வேண்டாம், ஒரே அறை என்கிறீர்கள், கடையில் பகலில் போடுங்கள். ஈயத்துக்கும் காற்றோட்டம் தேவை, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கசியலாம்.

கடைசியாக மூணாவது கியர் சொன்னது. லித்தியத்தின் பலவீனம் செல் இல்லை, சர்வீஸ். பிஎம்எஸ் போனால் யார் திறப்பார்கள், எத்தனை நாளில், மாற்றுப் பேட்டரி தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். "மூன்று வருட வாரண்டி" என்பதற்குள் கொள்ளளவு குறைந்தால் மாற்றுவார்களா, அடியோடு செத்தால்தானா என்பதும் கார்டில் இருக்கவேண்டும். இதற்கெல்லாம் கடைக்காரர் மழுப்பினால் ஈயமே எடுங்கள், நான் குறை சொல்லமாட்டேன். தினமும் சார்ஜ் போடுங்கள், இரண்டு வருடத்தில் 24,000 எடுத்துவையுங்கள். பெயருக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். ஆமாம், ஈய வண்டி எடுத்துவிட்டுப் பின்னால் லித்தியம் மாட்டினால் சார்ஜரையும் சேர்த்து மாற்றவேண்டும். ஈய சார்ஜர் 74 வோல்ட் வரை தள்ளும், லித்தியம் பெட்டிக்கு அது ஒத்துவராது.

சக்கரம்72:

அண்ணே, நான் பார்த்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அது ஆராய்ச்சிக்கூடம்தான். என் மைத்துனர் போன மாதம்தான் ஒன்று எடுத்தார். இன்று சாயந்திரம் பலகையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஊசிநூல்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், முகூர்த்த நெருக்கடி.

அந்த ஷோரூமில் எழுதித் தரமாட்டேன் என்றார்கள். மானாமதுரையில் ஒருவர் எட்டு வருடமாக மின்சார ஆட்டோ பேட்டரிகளைப் பழுது பார்க்கிறார், கூடவே இரண்டு வகை ஸ்கூட்டரும் விற்கிறார். அவரிடம் ஒரு பெட்டி அப்போதே மேசைமேல் திறந்து கிடந்தது, அதைப் பார்த்ததுமே பாதி சமாதானம். எல்எஃப்பி, 60 வோல்ட் 30 ஆம்பியர், 84,500. பிஎம்எஸ் போனால் ஒரு வாரத்துக்குள் சரிசெய்து தருவது, அதுவரை மாற்றுப் பேட்டரி என்று பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டார். பாதிப் பணம் மகளிர் குழுக் கடன். சான்று நகலையும் வாங்கிக்கொண்டேன்.

நேற்று 26 கி.மீ. ஓட்டி வந்த பிறகும் மீட்டரில் பாதிக்கு மேல் இருந்தது. வழியில் கடைசி பஸ் என்னை முந்திக்கொண்டு போனது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சித்தப்பாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். நம்ம மண்ணை விட்டுவிட்டு எங்கிருந்தோ வருவதை வாங்கிவிட்டேனாம். வேதியியல் வாத்தி சார், லித்தியம் பேட்டரிக்குள்ளும் கிராஃபைட் உண்டு என்று மானாமதுரைக்காரர் சொன்னார். உண்மையா?

வேதியியல்_வாத்தி:

உண்மைதான். லித்தியம் அயனி பேட்டரிகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் கிராஃபைட்தான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அந்த அப்பள அடுக்குகளுக்கு நடுவில் போய் உட்காரும், ஓட்டும்போது வெளியே வரும். எடையைப் பார்த்தால் உங்கள் பெட்டிக்குள் லித்தியத்தைவிட கிராஃபைட்தான் அதிகம்.

ஊசிநூல்:

சொல்லிவிட்டேன். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்து ரேஷன் கடை வரை ஒரு ரவுண்டு கேட்டார்.